அபூர்வமான வயிற்று நோயை ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 43. நான்கு நாளாக இடது அடிவயிற்றில், விரலை வைத்துக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலி. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியவில்லை. சிடி எடுத்துப் பார்த்துவிட்டு 'எபிப்ளோயிக் அப்பெண்டஜைட்டிஸ்' என்று எழுதி, வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்வியே படாத ஒரு நோயை வெறும் படத்தைப் பார்த்து எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? அபூர்வமான வயிற்று நோய் எல்லாவற்றையும் இப்படி ஸ்கேனிலேயே கண்டுபிடித்துவிட முடியுமா?

பதில்:

முதலில் உங்கள் கணவர் விஷயம். நீங்கள் சொல்லும் வலியும் ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்துகின்றன. வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியது அலட்சியம் இல்லை. அந்த நோய்க்கு வைத்தியமே அவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளும். இருபது வருஷத்துக்கு மேலாக வயிற்று ஸ்கேன் படிப்பதுதான் என் வேலை. ஸ்கேன் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது என்று சொல்ல உங்கள் கணவரின் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், குடலை ஒட்டிக் கொழுப்பு வரும். மனிதருக்கும் பெருங்குடலின் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கொழுப்புப் பைகள் தொங்குகின்றன. ஒருவருக்கு 50 முதல் 100 வரை இருக்கும். அரை செ.மீ. நீளத்திலிருந்து 5 செ.மீ. வரை பல அளவுகள். ஒவ்வொன்றும் மெல்லிய காம்பில் தொங்குகிறது. காம்பு முறுக்கிக்கொண்டாலோ உள்ளே ஓடும் சிரை அடைத்துக்கொண்டாலோ அந்தப் பைக்கு ரத்தம் நின்றுபோகும். பை வீங்கி, வயிற்றுச் சுவரின் உள்பக்கத்தை மூடியிருக்கும் உறையை உறுத்தும். அந்த உறைக்கு வலி எங்கே என்று துல்லியமாகத் தெரியும். அதனால்தான் உங்கள் கணவரால் விரலை வைத்துக் காட்ட முடிகிறது. (பெயர் அப்பெண்டிக்ஸ் மாதிரி ஒலித்தாலும் குடல்வாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

இந்தப் பைகளை உடற்கூறு வல்லுநர் வெசாலியஸ் 1543-லேயே குறித்துவிட்டார். நோய்க்கு இப்போதைய பெயர் 1956-ல்தான் வந்தது. அந்தக் காலத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி வயிற்றைத் திறப்பது. குடல்வால் வீங்கியிருக்கிறது என்று நினைத்துத் திறப்பார்கள். குடல்வால் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் கறுத்துப்போன ஒரு துண்டுக் கொழுப்பு கிடக்கும். வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பார்கள். தானாக ஆறக்கூடிய ஒன்றுக்கு எத்தனை பேர் கத்தி பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சிடி இந்தக் கதையை மாற்றியதற்குக் காரணம் கொழுப்புதான். சிடி இயந்திரம் உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் போடுகிறது. எக்ஸ்ரே கதிரை அந்த இடம் எவ்வளவு தடுக்கிறது என்பதே அந்த எண். தண்ணீருக்குச் சைபர், காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்குச் சுமார் மைனஸ் 100, கசிந்து உறையத் தொடங்கிய ரத்தத்துக்கு 50, 60 என்று போகும். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக இப்படிப் படம் எடுத்த இயந்திரத்தைக் கட்டிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைத்தான் இந்த எண் அளவுகோலுக்கு வைத்திருக்கிறார்கள். 1979-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

நல்ல கொழுப்பு சிடியில் ஒரே சீராகக் கறுப்பாக இருக்கும், கழுவி வைத்த சிலேட்டு மாதிரி. பக்கத்தில் எங்காவது அழற்சி வந்தால் நீர் கசிந்து சிலேட்டில் சாம்பல் பூசியது போல ஆகும். எங்கள் பேச்சில் அதற்கு 'கொழுப்பு அழுக்காக இருக்கிறது' என்று பெயர். வயிற்று சிடியைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது உறுப்புகளை இல்லை, அழுக்கான கொழுப்பை. அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருடன் ஒளிந்திருப்பான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர்களின் சிடி படிக்கச் சுலபம், ஒல்லியானவர்களுடையது கஷ்டம். குடல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அல்ட்ராசவுண்டுக்கு இது தலைகீழ்.

உங்கள் கணவரின் படத்தில் இருந்திருக்கக்கூடியது இதுதான்: பெருங்குடலை ஒட்டி முட்டை வடிவில், பெரும்பாலும் 2, 3 செ.மீ. அளவில் ஒரு கொழுப்புத் துண்டு. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். வளையத்துக்கு வெளியே கொழுப்பு அழுக்காக இருக்கும். சிலருக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது அடைத்துப்போன சிரை. ஆனால் பக்கத்துக் குடல் சுவர் கிட்டத்தட்ட இயல்பாக இருக்கும். இந்தக் கடைசிக் குறிப்பு முக்கியம். இடது அடிவயிற்று வலி என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது டைவர்டிகுலைட்டிஸ், அதாவது பெருங்குடல் சுவரில் பிதுங்கிய சின்னப் பைகளில் வரும் அழற்சி. அதில் குடல் சுவரே தடித்திருக்கும், காய்ச்சலும் வெள்ளை அணு உயர்வும் பல சமயம் கூடவே வரும். வலது பக்கம் வந்தால் குடல்வாலோடு குழப்பும். வயிற்றுக்குள் திரை போலத் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்பில் ஒரு பகுதி செத்தாலும் இதே போல வலிக்கும். அது பெரும்பாலும் வலது பக்கம் வரும், 5 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருக்கும், அந்த வளையம் இருக்காது. அதற்கும் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது.

இத்தனையும் ஒரே படத்தில் சேர்ந்து இருந்தால், பயாப்ஸி இல்லாமலே பெயர் சொல்லிவிடலாம். இந்த முகஜாடை வேறு எந்த நோய்க்கும் இல்லை.

அப்படியானால் அல்ட்ராசவுண்டில் ஏன் தெரியவில்லை? தெரிந்திருக்கலாம். 'வயிறு ஸ்கேன்' என்று சீட்டு வந்தால் கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், மூத்திரப்பை என்று ஒரு பாதையில் போய்விட்டு வந்துவிடுவது வழக்கம். பெருங்குடலின் வெளிப்புறம் அந்தப் பாதையில் வராது. 'எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் காட்டுங்கள்' என்று கேட்டு, அந்த விரல் இருந்த இடத்தில் ப்ரோபை (கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் கருவியை) வைத்து அழுத்தினால், அமுங்காத, வெள்ளையான, ரத்த ஓட்டம் இல்லாத முட்டை ஒன்று தெரியும். அதற்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அந்த இரண்டு நிமிஷம் கிடைப்பதில்லை. எங்கள் தொழிலின் குறை அது, ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

படத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய அபூர்வ நோய்கள் இன்னும் உண்டு. அதற்கு எப்போதும் விலையுயர்ந்த ஸ்கேன்தான் வேண்டும் என்பதும் இல்லை. நம் பக்கத்து நோய் ஒன்றைச் சொல்கிறேன், வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். ஒல்லியான இளைஞர், சின்ன வயதிலிருந்தே அவ்வப்போது மேல் வயிற்று வலி, அப்புறம் சர்க்கரை நோய், எண்ணெய் மிதக்கும் மலம். ஒரு சாதாரண வயிற்று எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கணையம் இருக்கும் இடத்தில் கூழாங்கல் அளவில் கற்கள் வரிசையாகத் தெரியும். இந்தோனேசியாவிலிருந்து ஸூய்டெமா என்ற மருத்துவர் 1959-ல் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். அப்புறம் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் மிக அதிகமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். தமிழ்நாட்டிலும் நிறையப் பேருக்கு இருந்தது. மரவள்ளிக்கிழங்கைத்தான் ரொம்ப நாள் குற்றம் சொன்னார்கள். பிறகு கிழங்கே தொடாதவர்களுக்கும் வருவதைப் பார்த்து அந்த வாதம் வலுவிழந்தது. ஸ்பின்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்குப் பங்கு இருக்கிறது என்று இப்போது தெரியும். இளம் வயதில் சர்க்கரை வந்து, வயிற்று வலியும் சேர்ந்திருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். கற்கள் பெரிதாக ஆன பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று அவசரமானது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், பெரும்பாலும் பெண், விலாவுக்குக் கீழே வலி, குளிர் காய்ச்சல். சிறுநீரகத்துக்குள் புகுந்த கிருமி அங்கேயே வாயுவை உண்டாக்கத் தொடங்கிவிடும். அல்ட்ராசவுண்டில் இந்த வாயு வெள்ளையாக மின்னி, கல் என்றோ குடலில் உள்ள காற்று என்றோ ஏமாற்றும். சிடியில் ஏமாற்ற முடியாது. காற்றுக்கு மைனஸ் 1000 என்று சொன்னேன் அல்லவா, சிறுநீரகத்துக்குள் அந்த எண் வரவே கூடாது. ஒரு காலத்தில் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவார்கள். இப்போது முதுகு வழியாகக் குழாய் வைத்துச் சீழை வடித்து, மருந்து கொடுத்தே பலரையும் காப்பாற்றுகிறார்கள். நேரம் மட்டும் தவறக் கூடாது.

அடுத்து சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்தமான உதாரணம். இதில் படம் தெளிவாகவே இருக்கும். பார்ப்பவர் மனதில் அந்த எண்ணம் வந்தால்தான் கண்ணில் படும்.

பதின்மூன்று வயதுப் பெண். வயதுக்கு வந்து ஏழெட்டு மாதம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, ஆனால் ஒவ்வொரு மாதமும் வலி கூடிக்கொண்டே போகிறது. வீட்டில் 'முதலில் எல்லாருக்கும் அப்படித்தான், வெந்தயத்தை முழுங்கு' என்றிருக்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் வலது ஓவரியில் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட். என்னிடம் வந்தபோது அந்தக் 'கட்டி' ஓவரியில் இல்லை, அதற்குக் கீழே கர்ப்பப்பையின் வாயை ஒட்டி இருந்தது. பழக்க தோஷத்தில் ப்ரோபை மேலே நகர்த்தி வலது சிறுநீரகத்தைத் தேடினேன். அந்த இடம் காலி. எம்ஆர்ஐ எடுத்ததும் முழுக் கதையும் தெரிந்தது: இரண்டு கர்ப்பப்பை, நடுவில் தடுப்பு, வலது பக்கப் பிறப்புப் பாதை கீழே அடைத்துக்கொண்டு அதற்குள் மாதா மாதம் ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் திறந்திருந்ததால் மாதவிலக்கு வெளியே வந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கருவில் கர்ப்பப்பை இரண்டு குழாய்களாகத் தொடங்கி நடுவில் ஒன்றாகச் சேர்கிறது. அந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு குழாயிலிருந்துதான் அந்தந்தப் பக்கத்துச் சிறுநீரகம் உருவாகத் தூண்டுதல் கிடைக்கிறது. ஒரு பக்கம் அது பழுதானால் சிறுநீரகமும் இல்லாமல் போகும், கர்ப்பப்பைக் குழாய்களும் ஒழுங்காகச் சேராது. இதற்கு மூன்று மருத்துவர்கள் பெயரில் ஒரு நீளமான பெயர் உண்டு. பெயரை மறந்தாலும், 'ஒரு சிறுநீரகம் இல்லாத பெண் என்றால் கர்ப்பப்பையைப் பார், கர்ப்பப்பை விபரீதமாக இருந்தால் சிறுநீரகங்களை எண்ணு' என்பதை மறக்கக் கூடாது. சிகிச்சை சின்னதுதான், அடைத்திருக்கும் தடுப்பை வெட்டித் திறப்பது. தாமதமானால் ரத்தம் பின்னுக்குப் போய் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு வெளியே வேறு இடத்தில் வளர்வது) வரலாம், சீழ் பிடிக்கலாம். கட்டி என்று நினைத்து ஓவரியை எடுத்தால் அது பெரிய அநியாயம். உங்கள் உறவில் எந்தப் பெண் குழந்தைக்காவது கர்ப்ப கால ஸ்கேனிலேயே ஒரு சிறுநீரகம்தான் என்று சொல்லியிருந்தால், அந்தக் குழந்தை வயதுக்கு வரும் சமயத்தில் ஒரு தடவை அடிவயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

இதே ரகத்தில் சிசேரியன் தழும்பில் வரும் முடிச்சையும் சேர்க்கலாம். சிசேரியன் ஆகிச் சில வருஷம் கழித்துத் தழும்போரம் ஒரு கட்டி வரும். தையல் நூல் கட்டி, ஹெர்னியா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். 'மாதவிலக்கு நாளில் வலி கூடுகிறதா?' என்ற ஒரு கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தழும்பில் ஒட்டி வளர்வதுதான் அது. ஸ்கேன் அதன் அளவையும் ஆழத்தையும் சொல்லும். பெயரைச் சொன்னது அந்தக் கேள்விதான்.

இனி ஸ்கேன் தோற்கும் இடம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே தோற்றிருக்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்பு, இருபத்திரண்டு வயதுப் பெண். வயிறு நிறைய நீர், எடை குறைந்திருந்தது. சிடியில் ஓமென்டம் தடித்துக் கட்டி தட்டியிருந்தது, ஓவரிகள் பெரிதாக இருந்தன. ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதம் பல நூறு. ஓவரிப் புற்றுநோயில் ஏறுவது அது. 35-க்குள் இருக்க வேண்டியது. ஓவரிப் புற்றுநோய் வயிற்றுக்குள் பரவிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். நல்லவேளை, அறுவை மருத்துவர் என்னை விட நிதானமானவர். லேப்ராஸ்கோப்பியில் உள்ளே பார்த்து, ஒரு துண்டை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பினார். வந்தது காசநோய். ஆறு மாத மாத்திரையில் நீர் வற்றிவிட்டது. என் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி நேரடியாகப் பெரிய ஆபரேஷனுக்குப் போயிருந்தால் இரண்டு ஓவரியையும் இழந்திருப்பாள்.

காசநோய் என்றால் நெஞ்சு, இருமல் என்றே நினைக்கிறோம். வயிற்று உறைக்கு வந்தால் அது புற்றுநோய் மாதிரியே வேஷம் கட்டும். சிஏ-125 புற்றுநோய்க்கே உரிய சரக்கு இல்லை. வயிற்று உறை எதனால் உறுத்தப்பட்டாலும் ஏறும். படத்தில் சில ஜாடைகள் உண்டு. உறை வழவழப்பாக ஒரே சீராகத் தடித்திருந்தால் காசநோய்ப் பக்கம் சாய்வோம், முண்டும் முடிச்சுமாக இருந்தால் புற்றுநோய்ப் பக்கம். நிணநீர்க் கட்டிகளின் நடு செத்துப்போய் ஓரம் மட்டும் மின்னினால் மறுபடி காசநோய். ஆனால் இவை எல்லாம் சாய்வுதான், தீர்ப்பு இல்லை. நீரை எடுத்து ஏடிஏ (காசநோயில் ஏறும் ஒரு நொதி) பார்க்க வேண்டும், அதில் புற்றணுக்கள் உண்டா என்று தேட வேண்டும், முடிந்தால் துண்டெடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேனின் வேலை எங்கிருந்து துண்டெடுப்பது என்று காட்டுவது. அன்றிலிருந்து இந்த மாதிரிப் படங்களில் இரண்டு பெயரையும் எழுதுகிறேன். 'டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை' என்று வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

துண்டெடுப்பது, ஊசி போடுவது என்றதும் ஒரு எச்சரிக்கை. கல்லீரலில் நீர்ப்பை ஒன்று இருந்து, அதற்குள் குட்டிக் குட்டிப் பைகளோ, கழன்று மிதக்கும் சவ்வோ தெரிந்தால் அது ஹைடாடிட், நாயிடமிருந்து வரும் நாடாப்புழுவின் வேலை. அதை அல்ட்ராசவுண்ட் சிடியை விட அழகாகக் காட்டும். முன்னேற்பாடு இல்லாமல் அதில் ஊசி குத்தி நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், புழுவும் வயிற்றுக்குள் பரவும். இங்கே ஸ்கேன் ஊசிக்கு முன்னால் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேறு எதற்கோ சிடி எடுத்தால் 'மிஸ்டி மெசென்ட்ரி' என்று ஒரு வரி வரும். குடலைத் தாங்கும் கொழுப்பு லேசாக மங்கலாக இருக்கிறது என்று அர்த்தம். பலருக்கு அது ஒன்றுமே இல்லை. இணையத்தில் அந்தச் சொல்லைத் தேடி, லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய நிணநீர்க் கட்டி, எடை குறைவு, காய்ச்சல் எதுவும் கூட இல்லையென்றால் அந்த வரியைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

நோயாளிகள் பக்கம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஸ்கேன் சீட்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் இருந்தால், உள்ளே போகும்போது நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, மாதவிலக்கோடு சம்பந்தம் உண்டா, முன்பு என்ன ஆபரேஷன், வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா. பழைய ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொண்டுவராமல் படங்களையும், அவை பதிந்த குறுந்தட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். சிடிக்குக் கான்ட்ராஸ்ட் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போடுவதாக இருந்தால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு இந்த வலி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். வலி போன பிறகும் அந்த வளையம் படத்தில் பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் 'சரியாகிவிட்டதா பார்க்கலாம்' என்று இன்னொரு சிடி எடுக்காதீர்கள். ஒரு வயிற்று சிடியில் கிடைக்கும் கதிர்வீச்சு, நாம் இயற்கையாகச் சில ஆண்டுகளில் பெறுவதற்குச் சமம். காய்ச்சல் வந்தாலோ, வாந்தி தொடங்கினாலோ, வயிறு முழுக்க இறுகினாலோ, இரண்டு வாரம் கழித்தும் வலி குறையாவிட்டாலோ மட்டும் அதே மருத்துவரிடம் திரும்பப் போங்கள். அப்போது இந்தப் படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.